பெட்டி வடிவமைப்பவருக்கு, டுலூத்திலிருந்து

ஐயா, அல்லது அம்மா,
பெட்டியின் அடியில் முகவரி இருக்கிறது, பெயரில்லை.

சுப்பீரியர் ஏரி கரையோரம் கல்லாகிக் கிடந்த பிப்ரவரியில்
உங்கள் சரக்கு வந்தது.
எட்டுப் பெட்டி ஒரு கட்டு. நாலு கட்டு ஒரு மூட்டை.
எல்லாவற்றின் முகப்பிலும் அதே சிவப்பு டிராகன்.
உள்ளே டிராகன் இருப்பது
முப்பத்திரண்டில் ஒன்றில்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
உங்கள் பானையில் அது செல்லாது.

செவ்வாய்க்கிழமைகளில் டெஸ்மண்ட் வருவான்.
பதினான்கு வயது. கையுறைக்குள் கசங்கிய நோட்டுகள்,
பைக்குள் அவன் வீட்டில் மாவு நிறுக்கும் தராசு.
ஒவ்வொரு பெட்டியாக ஏற்றி இறக்குவான்.
நூற்றுப் பன்னிரண்டு கிராம். நூற்றுப் பதினொன்று.
நூற்றுப் பத்தொன்பது;
மூச்சை நிறுத்துவான்.
நான் பகடைகளைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.
தடுக்க வேண்டியவள் நான்தான். ஆனாலும்
கண்ணைக் கட்டி விற்கும் இடத்தில்
கனம் பார்த்து வாங்குவது என்ன குற்றம்?

நூற்றுப் பத்தொன்பதில் இருந்தது கல்பூதம்.
டிராகனுக்கு வயிறு குடைவு, எடையே இல்லை
என்பது அவனுக்குத் தெரிய
ஒரு குளிர்காலம் முழுக்கச் செலவானது.

உங்கள் விற்பனையாளர் கார்வின் பெல்ச்சர்
காபியை ஊதிக்கொண்டே சொன்னார்:
'தெரிந்தால் ஒன்று வாங்குவார்கள்,
தெரியாவிட்டால் எட்டு.'
கணக்கு சரி.
மீதி ஏழும் என் கல்லாவுக்குக் கீழே
பெயின்ட் வாளியில் கிடக்கின்றன என்றேன்.
வாளி வேண்டுமானால் அனுப்புகிறோம் என்றார்.

அப்புறம் சோல்வெய் வந்தாள்,
இரவுப்பணி முடிந்த நர்ஸ் உடுப்போடு.
'நாற்பது எலும்புக்கூடு வேண்டும்,' என்றாள்.
சீட்டுக்கட்டு பார்த்துக்கொண்டிருந்தவர்
இரண்டடி தள்ளி நின்றார்.

ஆஸ்பத்திரி கேன்டீனில், விடிகாலை மூன்று மணிக்கு
விளையாடுகிறார்களாம், ஐந்து பேர்.
கல்லறை வாசலை உடைத்தாகிவிட்டது.
வெளியே வர வேண்டிய படைதான் இல்லை.
இருபது பெட்டி பிரித்ததில் கிடைத்தவை
ஏழு எலும்புக்கூடு, மூன்று டிராகன்.
மூன்று டிராகன்களையும் சாப்பாட்டு டப்பாவில்
மிச்சக் கறிபோலக் கொண்டுவந்திருந்தாள்.

டெஸ்மண்டிடம் பத்தொன்பது எலும்புக்கூடு.
வாளியில் பதினான்கு.
ஒரு டிராகன் கை மாறியது.
ஏமாற்றிவிட்டோமோ என்று
இருவருமே தலை குனிந்து வெளியேறினார்கள்.
எனக்கு அன்றைய வரவு சுழியம்.
அதற்குப் பின் அவள் தவறாமல் வருகிறாள்,
தெரிந்த பொருளைக் கேட்டு வாங்குகிறாள்.

ஆகவே கேட்கிறேன்.
படைகளைப் படைகளாக விற்கக் கூடாதா?
பத்து எலும்புக்கூடு, ஒரு கண்ணாடித்தாள்,
உள்ளங்கை நெல்லிக்கனியாக.
பக்கத்தில் விலை. கொஞ்சம் உயரமான அட்டை,
ஈட்டி மடங்காத அளவுக்கு.
டிராகனை அதன் விலைக்கே தொங்கவிடுங்கள்.
வாங்க முடியாதவன் பார்த்துவிட்டாவது போகட்டும்.

மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும்.
போன சனிக்கிழமை கடையடைத்த பிறகு
நானே ஒன்றைக் கிழித்தேன், காசு போட்டுத்தான்.
அந்தக் கிழியும் சத்தம்
விரல் நுனிவரை இனித்தது.
எனவே ஒன்றை மட்டும் மூடியே வையுங்கள்,
சின்னதாக, ஒரு டாலருக்கு,
வாசலுக்குப் பக்கத்தில்.

சோல்வெயின் படையில் ஒரு ஈட்டியும் நேராக இல்லை.
எல்லாம் உங்கள் மூடிக்கு வணங்கி வணங்கி வளைந்தவை.
கெட்டிலைக் கொதிக்க வைத்தேன்.
வெந்நீரில் ஒவ்வொன்றாக முக்கியதும்
பிளாஸ்டிக் தன் பழைய நிமிர்வை
எங்கிருந்தோ நினைவுகொள்கிறது.
அப்படியே உறைய வைக்க
வாசற்படிப் பனியில் ஒரு கிண்ணம் அள்ளினேன்.
நாற்பது பேரும் மேசைமேல்,
முதல் முறையாக நிமிர்ந்து.

மார்ச்சுக்கு இரண்டு கட்டு போதும்.
கார்வினிடம் சொல்லிவிடுங்கள்,
வாளி வேண்டாம்.